பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டநிரூபண சபையும் நமது கரையோரமும்

மாரி மழைக்கு மேகம் திரளத் தொடங்கும் காலத்தில், நமது கரையோரத்துக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல் வட்டைகளுக்கு உரியோர் ஓரிடத்திற் கூடுவது வழக்கம். எந்நாளில் விதைப்பது, எந்நாளுக்குள் வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்குவது, எந்நாளுக்குள் வேலி அடைப்பது, மாடுகளை எப்பொழுது வட்டையைவிட்டு அப்புறப்படுத்துவது, குளத்து நீரை எவ்வொழுங்கில் வயல்களுக்குப் பாய்ச்சுவது என்பனவெல்லாம் அங்கே பேசி முடிவு செய்யப்படும். போடியாரும் இருப்பர், முல்லைக்காரரும் இருப்பர். தமிழரும் இருப்பர், முஸ்லிம்களும் இருப்பர். பிறகு ஒருவன் மாடு இன்னொருவன் வேளாண்மையைத் தின்றுவிட்டால், கூட்டத்தில் முடிவான நாளைக் காட்டியே வழக்குப் பேசப்படும்.

இக்கூட்டத்தின் முடிவு வெறும் ஊர்ப்பேச்சன்று. அதற்குச் சட்டத்தின் வலிமை உண்டு. மீறியவன் தண்டம் இறுக்க நேரும். இந்த வலிமை அதற்கு எங்கிருந்து வந்தது? தேடிச் சென்றால், கொழும்பிலே 1856 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திற் போய் நிற்போம். அதை ஆக்கியது, இந்நாட்டு மக்களுள் எவரும் வாக்களித்துத் தெரிவு செய்யாத ஒரு சபை. அத்தகைய சபையிலிருந்து நமது உழவனுக்கு உதவிய ஒரு சட்டம் பிறந்தது எவ்வாறு? அதே சபையில் நம்மைப் பற்றிய வேறு சட்டங்கள், நம்மைக் கேளாமலே நிறைவேறியது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சபையின் அமைப்பு

பிரித்தானியர் இத்தீவின் கரையோரத்தைக் கைப்பற்றிய பின் பல ஆண்டுகள் சட்டம் என்பது தேசாதிபதியின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. அவர் பிறப்பித்த விதிகளே சட்டங்கள். கோல்புறூக், கமறன் என்னும் இரு விசாரணையாளர் இங்கு வந்து ஆராய்ந்து கொடுத்த அறிக்கைகளின் பயனாக 1833 ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் அது முதன்முறையாகக் கூடிற்று.

சபைக்குத் தலைவர் தேசாதிபதியே. அவருடன் அரசாங்க உத்தியோகத்தர் ஒன்பதின்மர். உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். அறுவரையும் நியமிப்பவரும் தேசாதிபதியே. எனவே ஆறு பேரும் ஒருமித்து எதிர்த்தாலும், உத்தியோகத்தரின் வாக்கினால் அரசாங்கம் தான் எண்ணியதை நிறைவேற்றிக்கொள்ள முடியும். உத்தியோகத்தர் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாகாது. அரசாங்கம் பணித்தபடியே வாக்களித்தல் வேண்டும். வரவுசெலவு பற்றிய பிரேரணைகள் அரசாங்கத்திடமிருந்தே வருதல் வேண்டும்.

ஒரு சட்டம் பிறக்கும் முறை இது. அரசாங்கம் மசோதாவை எழுதுவிக்கும். சபையில் அது முதலாம் முறை வாசிக்கப்படும். இரண்டாம் வாசிப்பில் அதன் கருத்து விவாதிக்கப்படும். பின்னர் ஒரு குழு அதன் வாசகங்களைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து திருத்தும். மூன்றாம் வாசிப்பின் பின் தேசாதிபதி சம்மதம் அளிக்க, அது கட்டளைச் சட்டம் ஆகும். அந்த ஆண்டில் அது எத்தனையாவதாக நிறைவேறியதோ அந்த எண்ணே அதன் இலக்கம். அத்தோடும் முடிந்ததன்று. சட்டத்தின் பிரதி இலண்டனுக்குச் செல்லும். அங்கே குடியேற்ற நாட்டமைச்சர் விரும்பாவிடின், முடியின் பேரால் அதனைத் தள்ளிவிடலாம். இவ்வளவும் நடந்த மொழி ஆங்கிலம்.

இத்தகைய சபையில் உத்தியோகப் பற்றற்றவர் செய்யக்கூடியது யாது? கேள்வி கேட்கலாம், வாதிக்கலாம், தம் எதிர்ப்பைப் பதிவு செய்யலாம். 1864 ஆம் ஆண்டில் படைச் செலவைப் பற்றி எழுந்த தகராறில், இந்த வலியின்மையைப் பொறுக்கமாட்டாத உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் சபையை விட்டு வெளியேறிப் பதவி துறந்தனர். ஜோர்ஜ் வோல் என்னும் வணிகரும், பறங்கியரின் பிரதிநிதியாகிய சார்ள்ஸ் லோரன்சும் அவர்களுள் முன்னின்றவர்கள். மறு ஆண்டில் ‘இலங்கைச் சங்கம்’ என்ற இயக்கமும் எழுந்தது. ஆயினும் சபையின் அமைப்பு அசையவில்லை.

தமிழரின் ஆசனம் யாரிடம் இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. முதல் தமிழ் உறுப்பினர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவருக்குப் பின், ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலால் நாமறிந்த சைமன் காசிச்செட்டி ஒரு காலம் இருந்தார். 1862 இல் முதலியாரின் மைந்தர் முத்துக்குமாரசுவாமி அமர்ந்தார். 1879 இல் முதலியாரின் மகள் வயிற்றுப் பேரர் பொன்னம்பலம் இராமநாதன் அமர்ந்தார். 1892 இல் இராமநாதன் விலக, அவர் தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி அவ்வாசனத்தை அடைந்தார். கல்வியிலும் நாவன்மையிலும் இவர்கள் பெரியோர் என்பதில் ஐயமில்லை. எனினும், இலங்கைத் தமிழ் பேசுவோர் அனைவரின் சார்பிலும் பேசிய ஓர் ஆசனம் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முற்றத்திலேயே கைமாறி வந்தது. மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்ததே 1928 ஆம் ஆண்டில். அதற்கு முந்திய நூற்றாண்டில் கல்முனையிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ ஒருவரின் குறை அவ்வாசனத்தின் செவியை அடைவது எளிதன்று.

தம் நலத்தைத் தாமே சட்டமாக்கியோர்

இச்சபை எத்துணைத் தவறக்கூடியது என்பதற்கு ஒரு சான்று போதும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியதென்று கொள்ளப்படும் என்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் விறகெடுத்தும் வந்த காட்டுக்கு எந்தக் குடியானவன் உறுதி வைத்திருந்தான்? அதே ஆண்டுகளில் முடியிடமிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் வாங்கியோருள் தேசாதிபதியும் உயர்ந்த உத்தியோகத்தரும் இருந்தனர். சட்டம் செய்தவரும் பயன் கொண்டவரும் ஒருவரேயாயினர். குடியானவன் சபையில் இல்லை.

1856: உழவனைக் கேட்ட சட்டம்

இனி, தொடக்கத்திற் குறித்த சட்டத்துக்கு வருவோம்.

இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் கட்டாயமாக வேலை வாங்கும் முறை ஒழிந்தது நன்றே. ஆயினும், குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்கால் வெட்டுவதும் அம்முறையோடு பின்னிக் கிடந்தன. ஊழியம் ஒழிந்தபோது, பொதுவேலைக்கு வராதவனை வரச்செய்யும் அதிகாரமும் ஊருக்கு இல்லாமற் போயிற்று. நூறு பேர் வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலில் தன் பங்கை ஒருவன் வெட்டாது விட்டால், கீழே உள்ளவர் வயல் காயும். அவன்மீது வழக்கிடவேண்டுமாயின் நகரத்து நீதிமன்றம் செல்லவேண்டும். அங்கே செலவு மிகுதி. தாமதம் அதனினும் மிகுதி. வழக்குத் தீருமுன் போகம் தீர்ந்துவிடும். நீதிமன்றத்துக்குத் தெரிந்ததோ எழுதிய சட்டம். நீர்ப்பங்கீட்டு வழமையோ முதியோர் நினைவில் மட்டும் இருந்தது.

ஊவாவில் உத்தியோகம் பார்த்த ஜோன் பெய்லி என்பவர், வழமை குலைந்ததனால் வயல்கள் பாழாவதை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். 1855 இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வாட் நீர்ப்பாசனத்திற் பேரூக்கம் உடையவர். அவர் காலத்தில் நிறைவேறியதே 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். நெற்காணிகளின் நீர்ப்பாசனம், பயிர்ச்செய்கை ஆகியன பற்றிய பண்டை வழமைகளை மீட்டு நிலைநிறுத்துவது அதன் நோக்கம் என்று அதன் தலைப்பே கூறிற்று.

இச்சட்டத்தின் சிறப்பு, கொழும்பிலிருந்து புதிய விதிகளை எழுதி அனுப்பாமையே. அரசாங்க அதிபர் அந்தந்த இடத்து வயற்சொந்தக்காரரைக் கூட்டவேண்டும். இச்சட்டம் தமக்கு வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். வேண்டுமென்றால், தம் இடத்துப் பழைய வழமை யாது என்பதை அவர்களே சொல்லவேண்டும். அவ்வழமை எழுதப்பட்டு விதியாகும். விதியை மீறியவரை விசாரிக்க ஊர்ச்சபை வேண்டுமா, தலைமைக்காரர் வேண்டுமா என்பதையும் அவர்களே தெரியலாம். விசாரணை சுருக்கமாகவும் விரைவாகவும் நடக்கும். நமது பகுதியில் வட்டைவிதானை என்று பெயர் பெற்றவர், வயலின் நீரையும் வேலியையும் மேற்பார்த்து அதற்காகக் களவெட்டியில் நெல் பெற்றவர், இவ்வொழுங்கின் கண்ணும் கையுமாக விளங்கினார்.

சட்டத்தோடு மண்வெட்டியும் வந்தது. வாட் நமது மாவட்டத்தை நேரிற் கண்டார். இறக்காமம், அம்பாறை ஆகிய இரு குளங்களும் அவர் காலத்திலே திருத்தப்பட்டன. சம்மாந்துறைப் பற்று, நிந்தவூர்ப் பற்று, கரைவாகுப் பற்று என்னும் பெயர்களோடு நெல்லின் பெயரும் சேர்ந்தே ஒலிப்பதற்கு இவ்வேலைகளும் ஒரு காரணமாம். அவர் 1860 இல் சென்னைக்குத் தேசாதிபதியாக மாற்றலாகிச் சென்று, அவ்வாண்டிலேயே வாந்திபேதியால் இறந்தார்.

முதலிற் சில ஆண்டுகளுக்கென்றே செய்யப்பட்ட இச்சட்டம், 1867 இலும் 1889 இலும் புதிய சட்டங்களாக விரிந்தது. 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்திலும் கமக்காரர் கூட்டம் இடம்பெற்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறையை மாற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பதவிகள் மாறின, கூடிப் பேசி நாள் குறிக்கும் முறை மாறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சட்டத்தின் கருத்து உயிர்வாழ்ந்தது ஏன்? அது எவரை ஆளவந்ததோ அவரைக் கேட்டபின் ஆளத் தொடங்கிற்று. அதுவே காரணம் என்பது என் கருத்து.

யாரைக் கேட்டனர்?

கேட்டால் மட்டும் போதுமா, யாரைக் கேட்பது என்பதும் உண்டல்லவா? அதே வாட் தேசாதிபதியின் காலத்திலேயே இதற்கும் பாடம் உண்டு. 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் கண்டியர் திருமணத்தைப் பற்றியது. ஒரு பெண்ணுக்குப் பல கணவர் இருக்கும் வழக்கத்தை ஒழிக்குமாறு கண்டிப் பிரதானிகளே கேட்டுக்கொண்டனர். சபையும் இணங்கி, ஒருவனுக்கு ஒருத்தி என்பதை விதியாக்கி, பதிவு செய்யப்படாத திருமணம் செல்லாதென்றது. மலைநாட்டுக் குடிமக்கள் பதிவுக்குச் செல்லவில்லை. முன்னோர் செய்தபடியே மணந்தனர். அதன் விளைவாக, ஊரறியப் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் முன் முறையற்ற பிள்ளைகளாயினர். 1870 இல் இன்னொரு சட்டம் செய்து இக்கேட்டைத் தணிக்கவேண்டியதாயிற்று. வயலுக்கு வயற்காரனைக் கேட்ட சபை, திருமணத்துக்குப் பிரதானியை மட்டும் கேட்டது.

தாய்வழியும் சட்டவழியும்

நமது கரையோரத்தின் வாழ்க்கையில் ஆழ வேரூன்றியது தாய்வழிக் குடிமுறை. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். பள்ளிவாசல் நிர்வாகத்திற் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்ததும் இம்முறையினாலேயாம். இரு சமூகத்தாரும் அடுத்தடுத்து வாழும் ஊர்களில், மதம் வேறாயினும் வீட்டின் நிலைப்படி ஒரே முறையில் அமைந்தது என்று சொல்லலாம்.

கொழும்புச் சபை இம்முறையை எவ்வாறு நோக்கிற்று? உண்மையில், நோக்கவேயில்லை.

1806 இல் முஸ்லிம்களின் மரபுரிமையும் திருமணமும் பற்றிய ஒரு சட்டத்தொகுப்பு வெளியிடப்பட்டது. ஒல்லாந்தர் கைவிட்டுச் சென்ற தொகுப்பே அதற்கு மூலம். கொழும்பு முஸ்லிம் தலைவர்கள் அதனை ஏற்றனர். அது கொழும்பு மாகாணத்துக்கென்றே வந்தது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தீவு முழுவதற்கும் விரித்தது. அன்றுமுதல், கொழும்புத் தலைவர்கள் ஏற்ற விதியே சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் விதியாயிற்று. இஸ்லாமிய மரபுரிமை விதிப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. நமது கரையோர வழக்கமோ வீட்டையும் வயலிற் பெரும்பாகத்தையும் மகளுக்கே கொடுப்பது.

மக்கள் யாது செய்தனர்? எதிர்த்து எழவில்லை, விண்ணப்பம் எழுதவுமில்லை. தந்தை இறந்தபின் பங்கிடுவதற்குத்தானே சட்டம்? தந்தை உயிரோடிருக்கும்போதே மகளின் திருமணத்தில் வீட்டையும் காணியையும் சீதன உறுதியாக எழுதிக்கொடுத்தனர். மரணத்தின்போது பங்கிட எஞ்சியதற்கு மட்டும் மரபுரிமைச் சட்டம் செல்லும். இவ்வாறு மார்க்கத்துக்கும் மாறின்றி, சட்டத்துக்கும் மாறின்றி, தாய்வழி வீடு தப்பிப் பிழைத்தது. சட்டம் செய்யத் தெரிந்தவர் கொழும்பில் இருந்தனர்; சட்டத்தோடு வாழத் தெரிந்தவர் இங்கே இருந்தனர்.

தமிழர் பக்கத்தில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. மட்டக்களப்பில் முக்குவர் வழமை என்று ஒரு மரபுரிமை முறை வழங்கிவந்தது. முதுசொம் தாய்வழியே, மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்வது அதன் உயிர்நிலை. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், கணவன் மனைவியர் உரிமையையும் மரபுரிமையையும் தீவெங்கும் ஒரே வகையாக்க முயன்றது. அதிற் சிலருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கண்டியச் சட்டத்துக்குட்பட்டோர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோர் அவ்விலக்கைப் பெற்றனர். முக்குவர் வழமைக்கு அப்பட்டியலில் இடமில்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்னும் நியாயவாதி அவ்வழமையைத் திரட்டி ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டதும் அதே 1876 ஆம் ஆண்டிலேயே. வழமை அச்சேறிய ஆண்டிலே சட்டத்தின் கண்ணிலிருந்து அது மறைந்தது.

அந்நாளிற் சபையிலே தமிழர் ஆசனம் வெற்றிடமாக இருந்ததன்று. முத்துக்குமாரசுவாமி போன்ற பேரறிஞர் அதிலே வீற்றிருந்தார். தேசவழமை காக்கப்பட்டது. ஆகவே நாம் அறியவேண்டியது இது: நம் மொழி பேசுவோர் ஒருவர் சபையில் இருப்பதும், நம் வாழ்வை அறிந்தவர் ஒருவர் சபையில் இருப்பதும் ஒன்றல்ல.

1885: இல்லாதவரைப் பற்றிய விவாதம்

இந்தப் பாடத்தை நம் அயலவரும் உறவினரும் போன்ற முஸ்லிம் மக்கள் நம்மிடமிருந்தே கற்க நேர்ந்தது என்பதை, இந்துக் கல்லூரியின் மலரிலே மறைக்காமற் சொல்வது கடனாகும்.

முஸ்லிம்களின் திருமணங்களைப் பதிவு செய்வதற்கான மசோதா 1885 இற் சபையின் முன் வந்தது. பதிவு சிறிய காரியமன்று. காவின் எழுதிய லெப்பையும் சாட்சிகளும் இறந்துபோனால், ஒரு பெண் தன் திருமணத்தை எதனால் நிரூபிப்பாள்? மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, பிள்ளைகள் எவருடையவர் என்பனவெல்லாம் அப்பதிவில் தங்கியிருந்தன. தீவிலுள்ள முஸ்லிம் குடும்பம் ஒவ்வொன்றையும் தொட்ட இம்மசோதா விவாதிக்கப்பட்ட சபையில் முஸ்லிம் ஒருவரேனும் இருக்கவில்லை. அவர்களும் தமிழ் பேசுவோர் ஆதலால், தமிழ் உறுப்பினரே அவர்களுக்கும் உரியவர் என்பது அக்கால எண்ணம்.

அத்தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன். வெசாக் தினத்தைப் பொது விடுமுறையாக்கக் குரல் கொடுத்து, பிற சமயத்தாரின் நன்றியையும் பெற்றவர் அவர். எனினும் இவ்விவாதத்தில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் முஸ்லிம்கள் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். மொழி, பழக்கவழக்கம், உடற்கூறு ஆகியவற்றைச் சான்றாகக் காட்டி, அக்கருத்தை 1888 இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரையாகவும் விரித்தார்.

இனவரலாற்று வழக்கிலே நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. சட்டம் பிறக்கும் முறையை நோக்கும் நமக்கு முக்கியமானது வேறொன்று. ஒரு சமூகம் யார் என்பதைப் பற்றி அச்சபையிற் பேசப்பட்டபோது, எழுந்து நின்று ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ சொல்வதற்கு அச்சமூகத்தவர் ஒருவரும் அங்கே இல்லை. மறுமொழி வந்தது, ஆனால் சபையிலன்று. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்னும் அறிஞர், இராமநாதனின் கட்டுரையை மறுத்து 1907 இல் ஒரு நூல் வெளியிட்டார். முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி கிடையாமற் செய்வதற்கே அக்கருத்துக் கூறப்பட்டதென்று அவர் குற்றஞ்சாட்டினார். கேட்ட சொல்லுக்கு மறுமொழி சொல்ல ஒரு சமூகம் இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்தது. அந்த மனக்காயத்தின் தழும்பு நம் இரு சமூகத்தாரின் அரசியலில் இன்றும் தடவினால் தெரியும்.

பதிவுச் சட்டம் 1886 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கமாக நிறைவேறிற்று. மூன்று ஆண்டின்பின், 1889 இல், தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் சபையில் இரு ஆசனங்களைக் கூட்டினார். ஒன்று கண்டிச் சிங்களவருக்கு, மற்றது முஸ்லிம்களுக்கு. எம். சி. அப்துல் ரஹிமான் முதல் முஸ்லிம் உறுப்பினரானார். உத்தியோகப் பற்றற்றோரின் பதவிக்காலமும் ஐந்தாண்டாக வரையறுக்கப்பட்டது. ஆனால் முஸ்லிம் ஆசனமும் நியமன ஆசனமே. தீவின் முஸ்லிம்கள் அனைவருக்கும் ஒருவர்! தமிழர் ஆசனத்துக்கும் நமது கரையோரத்துக்கும் இடையில் இருந்த தூரம் இதிலும் இருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை

கிழக்கு மாகாணத்தார் தம் பிரதிநிதியைத் தாமே தெரிவு செய்தது 1921 இல், ஈ. ஆர். தம்பிமுத்து சட்டநிரூபண சபைக்குச் சென்றார். அப்பொழுதும் கல்வியும் பொருளும் உடையோர்க்கே வாக்கு. 1931 இல் ஆணும் பெண்ணும் ஆகிய எல்லோரும் வாக்குரிமை பெற்றபின், தெற்கு மட்டக்களப்புத் தொகுதியிலிருந்து எச். எம். மாக்கான் மாக்கார் அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சருமானார். 1961 இல் நமது பகுதி மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று.

திருமணச் சட்டமும் வளர்ந்தது. 1929 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் முஸ்லிம் உறுப்பினர் சபையிலிருந்தபோது நிறைவேறி, 1937 இல் நடைமுறைக்கு வந்து, காதி நீதிமன்ற முறையை உண்டாக்கிற்று. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அச்சட்டத்திலும் திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்படவில்லை. அதைத் திருத்தவேண்டுமென்று முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாக எழுப்பிவரும் குரலை நாம் அறிவோம். வீடும் வயலும் பெண்ணின் பேரில் எழுதும் கரையோரத்திலே, அவள் கையெழுத்துக்குப் பதிவேட்டில் இடம் தேடவேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது. ஆசனங்கள் கூடக்கூட, இன்னும் ஆசனம் இல்லாதவர் யார் என்னும் வினாவும் கூடவே வருகின்றது.

பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே வாசிக்கும் மலர் இது. நம் மாணவருள் நாளை நீதிபதியாவோர் இருப்பர், நிர்வாகிகளாவோர் இருப்பர், பாராளுமன்றம் செல்வோரும் இருப்பர். அவர்களுக்கு இப்பழைய சபையின் வரலாற்றிலிருந்து ஒரு சிறு செய்தி உண்டு. 1856 ஆம் ஆண்டின் சட்டத்தை இயற்றியோர் நம்மினும் அறிவாளிகளல்லர். நம்மை ஆளவந்த அந்நியர். ஆயினும் ஓர் இடத்தில் அவர்கள் வட்டைக்கு வந்து வயற்காரனைக் கேட்டனர்; அச்சட்டம் நிலைத்தது. மற்ற இடங்களிற் கேளாது செய்தனர். அவற்றுக்குத் திருத்தமும் மனக்கசப்புமே மிஞ்சின. அயலவனைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதப் பேனா எடுக்கும்பொழுது, அவன் அந்த அறையில் இருக்கின்றானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். இல்லையாயின், பேனாவை வைத்துவிட்டு அவனை அழைத்துவருதல் வேண்டும்.